காலாங் எரிவாயு ஆலை, 1862–1998

இந்த இரும்புச் சிற்பம் பழைய ஆலையின் பாகங்களைக் கொண்டு செய்யப்பட்டது. காற்றுப் புகாத உலையில் நிலக்கரியைச் சுட்டு எடுத்த வாயுதான் 1864இல் சிங்கப்பூர்த் தெருவிளக்குகளில் எரிந்தது. அதைச் சேமித்த ராட்சதத் தொட்டிகள், வாயு நிறைய நிறைய மேலெழும். செலவாகச் செலவாகக் கீழிறங்கும். தனியார் நிறுவனம் தொடங்கிய ஆலை பின்னர் நகராட்சிக்கும், 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும் கைமாறியது. செனோக்கோவில் புதிய ஆலை வந்தபின் இது மூடப்பட்டது.

ஆற்றங்கரையில் புல் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலக்கரி வாயு ஆலைகள் தாரையும் பென்சீனையும் மண்ணுக்குள் விட்டுச்செல்பவை. இந்த ஆலை இருந்த அரசு நிலமான கம்போங் பூகிஸில் வீடுகள் கட்டுவதற்கு முன் மண்ணைச் சுத்திகரிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.