கட்டடம் கைக்கு வந்த பின்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது பழமொழி. கட்டும்போது படும் பாட்டை அது சொல்கிறது. கட்டி முடித்த பின் உள்ள கடமையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. புதுமனை புகுவிழாவோ பள்ளிக் கட்டடத்தின் திறப்பு விழாவோ நடந்தேறியதும், வேலை தீர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் கட்டடத்தின் குணம் தெரியத் தொடங்குவது அதற்குப் பின்னர்தான்.

ஆரணியாற்றின் கரையிலுள்ள ஆரணிப் பேரூராட்சியையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் எடுத்துக் கொள்வோம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் பெருகியதையொட்டி, இவ்வட்டாரத்தில் புதிய கட்டடங்களும் பெருகியுள்ளன. சித்திரை வெயிலில் கூரைத் தளம் காய்ந்து விரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்து அடித்தளத்து மண் ஊறுகிறது. கிழக்கே பழவேற்காட்டை நெருங்க நெருங்க உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் காணாத கட்டடம் இன்னும் தேர்வு எழுதாத மாணவனைப் போன்றது.

இரண்டு படிப்பினைகள்

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சென்னை புளியந்தோப்பு கே. பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர்ப் பூச்சு கை பட்டாலே உதிர்கிறது என்று அங்குக் குடியேறியவர்கள் முறையிட்டனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்களைக் கொண்டு அரசு அக்கட்டடத்தை ஆராயச் செய்தது. குடியிருந்தவர்கள் வாய் திறந்து சொன்னதால்தான் குறை வெளிப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பொன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதற்குப் பத்து நாள் முன்பு திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். விரிசலைப் பார்ப்பதும் பாராததும் சில வேளைகளில் உயிரைப் பற்றிய செய்தியாகிவிடுகிறது.

விரிசலைப் படிக்கும் முறை

எல்லா விரிசலும் ஆபத்தானவை அல்ல. பூச்சின் மேல் வலை பின்னியதுபோல் காணும் மயிரிழைக் கீறல்கள், பெரும்பாலும் போதிய நாள் தண்ணீர் விடாததால் உண்டாகின்றன. சாதாரணச் சிமெண்டுக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டானால் 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்பது ஐ. எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி. கூரைத் தளத்துக்குக் கீழே சுவரில் நீளவாட்டில் ஓடும் விரிசல், வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது.

கதவு, சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் சாய்வாக ஏறும் விரிசலே அஞ்சத்தக்கது. அடித்தளம் ஒருபுறம் இறங்குவதை அது காட்டக்கூடும். இத்தகைய விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுத வேண்டும். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சிமெண்டால் பதித்து வைக்கலாம். கண்ணாடி உடைந்தாலோ, விரிசல் கோட்டைத் தாண்டினாலோ, அசைவு இன்னும் நிற்கவில்லை என்று பொருள். அப்பொழுது மேலே பூசி மறைப்பது நோயை மூடி வைப்பதாகும். பொறியாளரை அழைத்துக் காரணம் காண வேண்டும்.

கூரையின் அடிப்பக்கத்தில் பழுப்புக் கறை தோன்றினால், உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். இரும்பு துருவாக மாறும்போது பன்மடங்கு பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. இதற்கு வழிவிடுவது நீர்க்கசிவே. ஆகவே கட்டடத்தைப் பெற்றுக்கொள்ளும் முன், மொட்டை மாடியில் இரண்டு விரற்கடை உயரம் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் வைத்துப் பார்ப்பது நன்று. குளியலறைத் தரையின் சாய்வு, குழாய் இணைப்பு, மின்கம்பி ஆகியவற்றையும் அன்றே சோதித்துவிடலாம்.

பொறுப்பு யாருடையது?

அரசுக் கட்டடங்களில் ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்படுகிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் தோன்றும் குறைகளை அவர் தம் செலவில் நீக்கித் தர வேண்டும். அக்காலம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். அது கழிந்து பிடித்தத் தொகையும் திரும்பிய பின் முறையிட்டால், பழுதுச் செலவு ஊர்ப் பொதுப்பணத்தின் தலையில் விழும்.

அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் துணை நிற்கிறது. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ அமையும் திட்டங்கள் அச்சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. கிராமத்தில் மேஸ்திரியிடம் ஒப்படைத்துக் கட்டும் வீடு பெரும்பாலும் இவ்வகையே. அங்கே நமக்குக் காவல், முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தச் சீட்டுத்தான். முதல் மழைக்காலம் கழியும் வரை கூலியில் ஒரு சிறு பங்கை நிறுத்தி வைப்பதென்று அதில் எழுதிக்கொள்ளலாம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு சேவையே. ஆதலால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 ஆண்டுக்குள் முறையிடலாம்.

2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் உதவி வகுக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் வீட்டுக்காரரே நின்று கட்டும்போது, கண்காணிப்பும் அவரைச் சேர்ந்ததே.

எழுதி வைப்போம்

வாய்ச்சொல் காற்றோடு போகும். எந்த அறை, எந்தச் சுவர், என்ன குறை, கண்ட நாள் எது என்பதை ஒரு நோட்டில் குறித்து, படமும் எடுத்து வைக்க வேண்டும். முறையீட்டை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். செப்பனிட்ட பின் மறுபடி பார்த்து, தீர்ந்ததைத் தீர்ந்ததென்று எழுத வேண்டும்.

ஊராட்சிகளுக்கு இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுவது மழைக்கு முன். ஜனவரி 26-ஆம் நாள் கூடுவது மழைக்குப் பின். பள்ளி, அங்கன்வாடி, மேல்நிலை நீர்த்தொட்டி ஆகியவற்றை அவ்விரு நாட்களை ஒட்டிப் பார்வையிட்டு, கண்ட குறைகளைச் சபையில் படித்து, ஒன்றியப் பொறியாளருக்கு அனுப்பலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டியது அக்கறை ஒன்றே. பெயர்ந்த பூச்சின் கீழேதான் நம் குழந்தைகள் அமர்ந்து பாடம் படிக்கிறார்கள் என்ற நினைவு அந்த அக்கறையை நம்மிடம் எழுப்பட்டும்.