முதியோர் இல்லங்களின் வளர்ச்சியை எதனால் அளப்பது?

பெற்ற பிள்ளைகள் இருக்கையில் முதியோர் இல்லத்திற்குச் செல்வது குடும்பத்திற்கு இழுக்கு என்ற எண்ணம் எமது சமூகத்தில் இன்றும் மறைந்துவிடவில்லை. ஆயினும் அத்தகைய இல்லங்களின் தேவை பெருகி வருகின்றது. இதற்குப் பிள்ளைகளின் நன்றிகெட்ட தன்மையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. உண்மை அதனிலும் சிக்கலானது.

வட்டுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு நிறுவிய செமினரியும், 1872 இல் உருவான யாழ்ப்பாணக் கல்லூரியும் பல தலைமுறையினரை உத்தியோகத்திற்கு அனுப்பின. கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றவர்களில் பலர் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினர். அப்புவையும் ஆச்சியையும் பார்க்க வீட்டில் எவரேனும் இருந்தனர். 1983 இன் பின்னர் புலம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. பணம் வந்தது, பார்ப்பதற்கு ஆள் இல்லாது போயிற்று.

யுத்தம் செய்தது இதுமட்டுமன்று. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், அதே திகதியில், வட்டுக்கோட்டை உட்பட வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தனர். இரு பயணங்களிலும் அதிகம் வருந்தியவர்கள் நடக்க இயலாத முதியவர்களே. சோனக தெருவின் மூத்தம்மாமார் பலர் ஊர் திரும்பாமலே புத்தளத்தில் கண்மூடினர்.

இலங்கையில் முதியோர் இல்லங்கள் புதியவையல்ல. ஏழைகளின் சிறிய சகோதரிகள் எனும் கத்தோலிக்கத் துறவற சபையினர் 1888 இல் கொழும்பில் இப்பணியை ஆரம்பித்தனர். அநகாரிக தர்மபாலவின் தாயார் மல்லிகா ஹேவாவிதாரண 1921 இல் மல்லிகா இல்லத்தைத் தோற்றுவித்தார். வடக்கில் கைதடியிலுள்ள அரச முதியோர் இல்லம் நாமனைவரும் அறிந்ததே. சமய நிறுவனங்களும் புலம்பெயர்ந்தோரும் ஆதரிக்கும் இல்லங்களும் பின்னர் பல்வேறு இடங்களில் தோன்றின. 1981 இல் நாட்டின் சனத்தொகையில் 6.6 சதவீதமாக இருந்த அறுபது வயதைக் கடந்தோர் 2012 இல் 12.4 சதவீதமாக உயர்ந்திருந்தனர். எனவே இவ்வளர்ச்சி வியப்புக்குரியதன்று.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இவ்விடயத்தில் தெளிவானது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என அது விதிக்கின்றது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் செலவு கோரி முறையிடுவதற்கென ஒரு சபையையும் அமைத்துள்ளது. பிள்ளைகளற்ற, கைவிடப்பட்ட ஆதரவற்றோருக்குத் தங்குமிடம் வழங்குவது அரசின் பொறுப்பு என்கின்றது. இல்லங்கள் பதிவு செய்யப்படவேண்டும் என்றும் வலியுறுத்துகின்றது. ஆக, முதியோர் இல்லம் என்பது தர்மம் மட்டுமன்று, உரிமையுமாகும்.

இங்குதான் நாம் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். பெற்றோரின் நினைவாகக் கட்டடம் எழுப்பி, கல்வெட்டுப் பதித்து, திறப்புவிழா நடத்துவது போற்றத்தக்கதே. ஆனால் நள்ளிரவில் தண்ணீர் கேட்கும் முதியவருக்கு எழுந்து கொடுக்க ஒருவர் வேண்டும். படுத்த படுக்கையானவரை வேளைக்கு வேளை புரட்டிவிடாவிட்டால் புண் உண்டாகும். இவற்றைச் செய்யப் பயிற்சி பெற்ற, உரிய சம்பளம் பெறும் பணியாளர் தேவை. கட்டடத்திற்குக் கிடைக்கும் நன்கொடை இத்தகைய மாதாந்தச் செலவுக்கும் கிடைக்கவேண்டும்.

இல்லம் சொந்த ஊருக்கு அண்மையில் இருந்தால் அயலவர் வந்து பேசிச் செல்வர். கோவில் மணியோ, தேவாலய மணியோ, பாங்கொலியோ முதியவரின் காதில் விழும். ஒரு முஸ்லிம் முதியவர் வந்து சேர்ந்தால் அவருக்கு ஹலால் உணவும் தொழுகைக்குரிய இடமும் கிடைக்குமா என்பதையும் நிர்வாகிகள் முன்கூட்டியே எண்ணவேண்டும். பெற்றோரைப் பேணுதல் எல்லாச் சமயங்களும் ஒருமித்து வலியுறுத்தும் கடமையாகும்.

அனுப்பும் பணம் மருந்துக்கும் உணவுக்கும் உதவும். தொலைபேசியில் மகனின் குரல் கேட்கும் பத்து நிமிடங்களுக்கு அது ஈடாகாது. இல்லங்களின் வளர்ச்சியைக் கட்டடங்களின் எண்ணிக்கையால் அல்ல, அங்கு தனிமையின்றிக் கண்மூடும் முதியவர்களைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது எமது கருத்தாகும்.