சாங்கி மண்ணுக்கு அடியில்



சிங்கப்பூர்க் கடலோரத்தில், வெள்ளைக்காரர் காலத்துச் சுரங்கங்கள் மண்ணுக்கடியில் ஓடுகின்றன என்ற பேச்சு பல காலமாகவே உண்டு. அதில் ஒரு பகுதி 1991இல் உண்மையாகிவிட்டது. சாங்கியில் ஜோகூர் பீரங்கித் தளத்தின் நிலத்தடிச் சுரங்கங்களைச் சிறைத்துறையினர் கண்டுபிடித்தார்கள்.

1930களில் பிரிட்டிஷார் கட்டிய தளம் இது. 15 அங்குல வாய் கொண்ட பீரங்கிகள் மூன்று இங்கே நின்றன. ஒரு குண்டின் எடை மட்டும் 800 கிலோவுக்கு மேல்! ஆள் தூக்கும் சரக்கா அது? அதனால் குண்டுகளை நிலத்தடிக் கிடங்கில் அடுக்கிவைத்து, இயந்திரத்தால் மேலே ஏற்றினார்கள்.

"பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்தே நின்றன, தரைப்பக்கம் திரும்பவே இல்லை" என்பார்கள். அது முழு உண்மையல்ல. சில பீரங்கிகள் திரும்பிச் சுடவும் செய்தன. ஆனால் கையிருப்பில் பெரும்பாலும் கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள்தான். தரைவழி வந்த ஜப்பானியக் காலாட்படைக்கு எதிராக அவை அதிகம் எடுபடவில்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைவதற்கு முன்பே பிரிட்டிஷார் அந்தப் பீரங்கிகளைத் தாங்களே தகர்த்துவிட்டார்கள்.

லாப்ரடார் பூங்காவிலிருந்து செந்தோசா வரை கடலுக்கடியில் சுரங்கம் போகிறது என்றும் ஒரு கதை உண்டு. லாப்ரடாரில் சுரங்கம் இருப்பது நிஜம். கடலைத் தாண்டுகிறது என்பதற்குத்தான் ஆதாரம் கிடையாது.

சாங்கி பீரங்கியின் மாதிரியை இன்றும் காஸ்ஃபர்ட் சாலையில் பார்க்கலாம்.