பாடலை நீக்கியபின் எஞ்சும் ஓசை

இசைவாணர் ஒருவருக்குப் புகழ் தேடித்தந்த படைப்புக்களையே உலகம் நினைவிற் கொள்ளும். அவர் புறத்தே செய்துபார்த்த முயற்சிகளோ பெரும்பாலும் மறக்கப்படும். அவ்வாறு மறக்கப்பட்டவற்றுள் ஒன்று, இங்கிலாந்தில் 1980இல் தோன்றிய டோம் என்னும் இருவர் குழுவாகும்.

1976இல் இலண்டனில் அமைந்த வயர் என்னும் குழு, 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுக்களை வெளியிட்டுப் பெயர்பெற்றது. 1980இல் அக்குழு ஓய்வுகொள்ளவே, அதில் வாசித்த புரூஸ் கில்பேட், கிரகாம் லூயிஸ் ஆகிய இருவரும் டோமைத் தொடங்கினர்.

திரொபிங் கிறிசில் குழுவினர் 1976இல் நிறுவிய இசைத்தட்டு நிலையத்தின் பெயரால் ‘தொழிற்சாலை இசை’ என்னும் வழக்கு அப்போது பரவியிருந்தது. இரைச்சலும் நாடாவிற் பதிந்த ஒலியும் அவ்விசைக்கு மூலப்பொருள்களாயின. டோம் அந்நிலையத்தைச் சார்ந்ததன்று. ஆயினும் அவ்வியக்கத்தை ஒத்த வினாவொன்றை அதுவும் எழுப்பிற்று: மெட்டும் சொற்பொருளும் விலகியபின் இசையில் எஞ்சுவது யாது?

இவ்வினாவை அவர்கள் ஆராய்ந்த களம், தென் இலண்டனில் வழிபாடு ஒழிந்த தேவாலயமொன்றில் இயங்கிய பிளாக்விங் ஒலிப்பதிவுக் கூடமாகும். அக்கூடத்தையே அவர்கள் ஒரு வாத்தியமாகக் கையாண்டனர். கிற்றார் ஒலி உருமாறிற்று. குரலும் ஏனை ஒலிகளுள் ஒன்றாய் அமிழ்ந்தது. 1981இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டிற் பெரும்பாலான தலைப்புக்கள்தாமும் பொருளற்ற அசைகளே. மத்தளச் சொற்கட்டை அறிந்த நமக்கு, பொருளற்ற அசையும் இசைக்கு உறுப்பாதல் விளங்காததன்று. அவ்வாண்டிலேயே ஓவியர் ரசல் மில்சுடன் கூடி, இலண்டன் கலைக்கூடமொன்றில் பார்வையாளர் தாமே பொருள்களை இயக்கி ஒலியெழுப்ப வழிசெய்தனர். கேட்போர் ஒலிப்போராயினர்.

அதே பிளாக்விங் கூடத்தில், அதே 1981இல், டிப்பேஷ் மோட் குழுவினர் தம் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்து பெரும்புகழ் எய்தினர். ஒரு குழு பாடலைச் செம்மைசெய்தது. மற்றையது பாடலின் எல்லையைச் சோதித்தது. டோமின் சில பகுதிகள் செவிக்குச் சலிப்பூட்டுவன என்பது உண்மையே. ஆயினும் சோதனையின் பயன் இனிமையால் மட்டும் அளக்கப்படுவதன்று. புகழ்பெற்றவற்றை மாத்திரம் தொகுப்பின், கலைஞர் கண்ட விடைகளே வரலாறாகும். அவர் எழுப்பிய வினாக்கள் அதன்கண் இடம்பெறா.