மழை வந்தால் டிவி போகிறதா? ஒரு முறை மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள்!

“என்னமோ தெரியலடி… நான்தான் ஏதோ பட்டனை மாத்தி அமுக்கிட்டேன் போல.”

மயிலாடுதுறையிலிருந்து அம்மா போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். ஐப்பசி மாதம், வெளியே தூறல். டிவியில் நீலத் திரை, நடுவில் ‘சிக்னல் இல்லை.’

அப்பா காலமான பிறகு அந்த வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேச்சுச் சத்தம் என்றால் அது டிவியிலிருந்து வருவதுதான். கேபிள் அடிக்கடி போகிறது என்று சித்திரையில் நான்தான் டி.டி.ஹெச். போட்டுக் கொடுத்தேன். சென்னையில் இருந்தபடியே புக் செய்தேன். வேலை முடிந்ததற்கான ஓ.டி.பி. என் போனுக்கு வந்தது. “படம் தெரியுதாம்மா?” என்று கேட்டேன். “பளிச்சுன்னு தெரியுதுடி” என்றார். நம்பரைச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மாடியில் என்ன செய்தார்கள் என்று யாரும் ஏறிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. சித்திரை வெயிலில் எந்த டிஷ்ஷும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

மழை ஆரம்பித்ததும் மூன்று முறை ஆள் வந்தார். ஒவ்வொரு முறையும் டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பினார், படம் வந்தது, 250 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மழையில் மறுபடி நீலத் திரை. பிறகு அம்மாவிடமிருந்து புகார் வருவது நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்குப் போனபோது டிவி மேல் ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது. “எதுக்கு உன்னைத் தொந்தரவு பண்ணணும்னுதான் சொல்லல” என்றார்.

அன்றே ஊரில் டிஷ், கேமரா எல்லாம் மாட்டும் தம்பி ஒருவரை வரவழைத்து, அவர் பின்னாலேயே நானும் மாடிக்குப் போனேன். அவர் டிஷ்ஷைத் தொடவே இல்லை. தரையோடு கிடந்த கேபிளைத்தான் முதலில் பார்த்தார். நடுவில் ஓரிடத்தில் இரண்டு துண்டுகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தார். உள்ளே தண்ணீர். செம்புக் கம்பி களிம்பேறிப் பச்சையாக இருந்தது.

“அக்கா, இதுதான். ஒவ்வொரு தடவையும் டிஷ்ஷைத் திருப்பி என்ன பிரயோஜனம்?”

கேபிள் கீழே படத்தைக் கொண்டுவருவதோடு நிற்பதில்லை. டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவிக்குச் செட்டாப் பாக்ஸிலிருந்து மின்சாரமும் அதே கேபிளில்தான் மேலே போகிறது. பொதுவாகச் சில சேனல்களுக்கு 13 வோல்ட், மற்றவற்றுக்கு 18 வோல்ட். இடையில் ஈரமோ களிம்போ இருந்தால் அந்த 18 முழுதாகப் போய்ச் சேராது. அதனால்தான் சில வீடுகளில் பாதி சேனல் வரும், பாதி வராது. ‘பேக் முடிந்துவிட்டது’ என்று நினைத்து ரீசார்ஜ் செய்துகொண்டே இருப்போம். அம்மாவும் ஒரு முறை செய்திருக்கிறார்.

அடுத்து டிஷ் நிற்கும் கம்பத்தைக் கையால் அசைத்துக் காட்டினார். ஆடியது. நான்கு போல்ட் போட வேண்டிய இடத்தில் இரண்டுதான். அதுவும் கைப்பிடிச்சுவரின் பூச்சில், செங்கல்லைக்கூடச் சரியாகப் பிடிக்காமல். செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே டிஷ் ஒரு டிகிரி திரும்பினால், அங்கே குறி 600 கிலோமீட்டருக்கு மேல் விலகும். காற்றில் ஆடும் கம்பத்தை வைத்துக்கொண்டு சிக்னலைக் குறை சொல்லி என்ன செய்ய?

முதலில் தரையில் மாட்டப் பார்த்து, தட்டோடு உடைந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு சுவருக்கு மாறியிருக்கிறார்கள். அந்த ஓட்டைகள் திறந்தே கிடந்தன. நேர் கீழே அம்மா படுக்கும் அறை. சீலிங்கில் தட்டு அகலத்துக்கு ஈரத் தடம். டிவியைவிட அதுதான் எனக்குப் பெரிய கோபம்.

எது மழையின் குற்றம்?

கொட்டும் மழையில் சில நிமிடங்கள் படம் போவது இயல்புதான். நம் ஊர் டி.டி.ஹெச். பயன்படுத்தும் அலைவரிசையைக் கனமழை உறிஞ்சிவிடும். எவ்வளவு நன்றாக மாட்டினாலும் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தூறலுக்கே படம் போனால் டிஷ் சரியான குறியில் இல்லை என்று சந்தேகப்படலாம். மழை விட்டு வெயில் வந்த பிறகும் படம் வரவில்லை என்றால் கேபிளிலோ கனெக்டரிலோ தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். காற்றடித்தால் மட்டும் படம் சதுரம் சதுரமாக உடைகிறதா? கம்பத்தைப் பாருங்கள். தென்னை வளர்ந்து மறைக்கும் வீடுகளும் உண்டு. நம் பக்கத்தில் டிஷ்கள் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானத்தைத்தான் பார்க்கும். அந்தத் திசையில் மட்டை தொங்கினால் போதும்.

ஓ.டி.பி. சொல்வதற்கு முன்

மாட்டுகிறவர்கள் பலரும் ஒப்பந்தக்காரரிடம், ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள். அவசரம் இருக்கத்தான் செய்யும். ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு, “தம்பி, மாடியைக் காட்டுங்க” என்று கூடவே போனால் பாதி வேலை தானாகவே ஒழுங்காகும். கேபிள் வெளியே எங்கும் ஒட்டில்லாமல் ஒரே துண்டாக வர வேண்டும். சுவருக்குள் நுழைவதற்கு முன் சற்றே கீழே தொங்கி வளைந்து பிறகு ஏற வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. எல்.என்.பி. கனெக்டருக்கு ரப்பர் மூடி போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

பிறகு செட்டாப் பாக்ஸின் செட்டிங்ஸில் சிக்னல் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ‘ஸ்ட்ரென்த்’, ‘குவாலிட்டி’ இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். குவாலிட்டிதான் முக்கியம். ஆறு மாதம் கழித்து, மழையில்லாத ஒரு நாளில் மறுபடி பார்த்து அது நன்றாகக் குறைந்திருந்தால், எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

பெற்றோர் தனியாக இருக்கும் வீடா? வந்தவரையே மாடியிலிருந்து வீடியோ கால் போடச் சொல்லுங்கள். ஈர மாடியில் பெரியவர்களை ஏறவிடாதீர்கள்.

ஏற்கெனவே மோசமாக மாட்டிவிட்டுப் போயிருந்தால், போனில் சண்டை போடுவதைவிடப் புகார் எண் வாங்குவது முக்கியம். கொடுத்தே ஆக வேண்டும் என்பது டிராய் 2017-ல் கொண்டுவந்த விதி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நோடல் அதிகாரி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள். ஆள் வராமலேயே ‘உங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ். வந்தால் அழிக்காமல் வையுங்கள், உதவும். தனிநபர் புகாரை டிராய் நேரடியாகத் தீர்த்து வைக்காது. அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

நான் ஆடும் கம்பம், டேப் சுற்றிய கேபிள், சீலிங் தடம் மூன்றையும் போட்டோ எடுத்து நோடல் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். புதுக் கேபிளும் சரியான போல்ட்டுகளும் இலவசமாக வந்தன. மூன்று 250 ரூபாயில் ஒன்றுதான் திரும்பி வந்தது.

இப்போதும் அடைமழையில் அம்மா போன் செய்வதுண்டு. “படம் போயிடுச்சு. அஞ்சு நிமிஷத்துல வந்துடும், அதுவரைக்கும் உன்கூடப் பேசலாம்னு…” என்பார். சீலிங் தடத்தைப் பார்க்கத் தை பிறந்ததும் வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்.