தேங்காயெண்ணெய் எந்த வழியில் போகிறது?

செப்டம்பர் 2 உலகத் தேங்காய் தினம். அது நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் குழப்பம் கூடுகிறது. பருமன் உள்ளவர்களுக்குத் தேங்காயெண்ணெய் மருந்தா, விஷமா? 2018இல் ஹார்வர்டு பேராசிரியர் காரின் மிஷெல்ஸ் அதைச் சுத்த விஷம் என்றார். பேச்சைத் திரும்பப் பெறச் சொல்லி இந்தியத் தோட்டக்கலை ஆணையர் கடிதம் அனுப்பினார். அது விளைபொருளின் சந்தையைக் காக்க எழுந்த குரல், மருத்துவ ஆலோசனை அல்ல. விஷம் என்றதும் அளவு மீறிய பேச்சுதான்.

கொழுப்பைக் கரைக்கும் என்ற விளம்பரம் எதை நம்பி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்கள் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடுகின்றன, உடலில் தங்குவது குறைவு. ஊட்டச்சத்து ஆய்வாளர் மேரி பியர் செயின்ட் ஒன்ஜ் நடத்திய ஆய்வுகளில் எடை சற்றுக் குறைந்ததும் உண்மை. ஆனால் அவர் கொடுத்தது முக்கியமாக 8, 10 கார்பன் அமிலங்களால் ஆன தனித் தயாரிப்பு. தேங்காயெண்ணெயில் அவை ஏறக்குறைய 15 சதவீதம்தான். பாதியளவுக்கு இருப்பது 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். வேதியியல் பட்டியலில் அதையும் நடுத்தரம் என்றே சேர்த்திருக்கிறார்கள். குடலுக்குள் அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போல நிணநீர் வழியாகத்தான் இரத்தத்தை அடைகிறது. வேறோர் எண்ணெய்க்குக் கிடைத்த நற்பெயரை இந்தப் பாட்டிலில் ஒட்டி விற்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. 2020இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்த 16 சோதனைகளின் தொகுப்பாய்வில், மற்றத் தாவர எண்ணெய்களைவிடத் தேங்காயெண்ணெய் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றியது. உடல் எடையிலோ இடுப்பளவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

முன்னோர்கள் தின்று நன்றாக இருந்தார்களே என்பது நியாயமான கேள்வி. பசிபிக்கின் டோக்கெலாவ் தீவினர் உணவு ஆற்றலில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்தே பெற்றார்கள், இதயநோய் அங்கே அபூர்வம். கூடவே தின்றது மீனும் ஈரப்பலாவும். நியூசிலாந்துக்குக் குடியேறியவர்கள் தேங்காயைக் குறைத்தும் எடை கூடினார்கள். ஆகவே தட்டில் தேங்காயோடு வருவது எது என்றுதான் பார்க்க வேண்டும். அரைமுறித் தேங்காயை அரைத்துச் சேர்த்த அவியலில் நார்ச்சத்தும் காய்கறியும் உண்டு. இறக்கும்போது ஊற்றும் பச்சை எண்ணெய் வீட்டுக்கே ஒரு கரண்டி. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கொதிக்கும் எண்ணெயில் சீவிப் போடும் நேந்திரங்காய் வேறு கணக்கு. பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்ன கேரளத்தில், இரண்டையும் பாரம்பரிய உணவு என்று ஒரே பெயரால் புகழ்வது தவறு. கொச்சி அமிர்தா மருத்துவமனையில் 200 இதயநோயாளிகளை இரண்டு ஆண்டு கவனித்தபோது தேங்காயெண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் வேறுபாடு தெரியவில்லை என்பார்கள். அவர்கள் வழக்கமான இதய மருந்துகளும் சாப்பிட்டு வந்தவர்கள். மருந்து சாப்பிடாத பருமனானவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

வெர்ஜின் எண்ணெய்? கொழுப்பமிலங்கள் ஏறக்குறைய அதேதான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி? கூடுதலாக 120 கலோரி, அவ்வளவே. இளநீர்? கொழுப்பு இல்லை எனலாம், சர்க்கரை உண்டு. துவையல்? அளவாகச் சாப்பிடலாம்.