கட்சுக் கடற்கரையில் ஒரு பழைய பள்ளி

தாராவியில் வாழ்வோர்க்குப் பாழடைந்த கட்டடம் புதுமையன்று. மித்தி ஆற்றோரம் 1737இல் எழுப்பப்பட்ட காலா கில்லா நம் வீட்டுக் கொல்லையில் கிடப்பது போலத்தான் கிடக்கிறது. அதைக் கடந்தே கல்லூரிக்குச் செல்கிறேன். ஒரு நாளாவது நின்று பார்த்தேனா என்றால் இல்லை. அத்தகைய நான், ஒரு பள்ளிவாசலின் இடிபாட்டைக் காண ஓர் இரவு முழுதும் ரயிலில் சென்றேன் என்றால் நண்பர்கள் நகைப்பார்கள். காரணம் ஒரு கேள்வி.

இந்தியாவில் இசுலாமியக் கட்டடக் கலை, 1192இல் கோரிப் படைகள் வென்ற பின் டில்லியில் தொடங்குகிறது என்று தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றவன் நான். இதை என் நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்தவர். அவன் கேட்டான்: “அப்போ அதுக்கு முன்னாடி நம்ம கடற்கரைக்கு வந்த அரபு வியாபாரிங்க எல்லாம் எங்கே மாப்ளே தொழுதாங்க? கப்பல்லயேவா?”

விடை தேடி நூலகத்தில் அமர்ந்தபோது கிடைத்த பெயர் பத்ரேசுவரம். குசராத்தில் கட்சு வளைகுடாவின் கரையில், முந்திராவுக்கும் காந்திதாமுக்கும் இடையே உள்ள சிற்றூர். பாந்திரா முனையத்தில் ரயிலேறினால் மறுநாள் காலை காந்திதாம்; அங்கிருந்து பேருந்து. இருவரும் புறப்பட்டோம்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது வெள்ளை வெளேரென்ற சமணக் கோயில். 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பழைய கோயில் பெரிதும் சிதைந்துவிட, மீண்டும் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் தேடி வந்தவை அதன் பொலிவோடு போட்டியிட முடியாதவை. முட்செடிகளுக்கிடையே, மணலில் பாதி புதைந்து, பெருங்கற்களால் ஆன ஒரு மண்டபம். ‘சோலாகம்பி மசூதி’, அதாவது பதினாறுகால் பள்ளிவாசல். சற்றுத் தொலைவில் இப்ராகீம் என்பவர் பெயரால் அமைந்த சிறு அடக்கத்தலம்.

அந்தச் சிறு கட்டடமே எனக்குப் பெரிதாகப்பட்டது. முன்னே தூண்கள் தாங்கும் முகமண்டபம், உள்ளே ஒரு சதுர அறை, மேற்குச் சுவரில் மிகுராபு, மேலே கற்குவிமாடம். கல்லில் வெட்டிய அரபு எழுத்துகளில் இசுரி 554 என்னும் ஆண்டு காணப்படுகிறது. அது கி.பி. 1159-60. டில்லி வீழ்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்! அப்போது இப்பகுதியை ஆண்டவர்கள் அன்கில்வாடாச் சோலங்கி அரசர்கள். அரியணையில் இருந்தவன் சமணத்தைப் போற்றிய குமாரபாலன். அவன் நாட்டில், வாளேந்தி வராத மக்கள், கப்பலேறி வந்த மக்கள், தங்கள் இறைவனுக்கும் இறந்தவர்க்கும் கல்லால் இடம் அமைத்துக்கொண்டார்கள்.

கட்டியவர்கள் யார்? கல்லைப் பார்த்தாலே தெரியும், உள்ளூர்த் தச்சர்கள். உண்மையான வளைவை அவர்கள் இங்கே கையாளவில்லை. தூண் நட்டு, உத்திரம் ஏற்றி, பலகைக் கல் பாவுவதே அவர்கள் தொழில். குவிமாடம் கேட்டவர்க்கு, ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடச் சற்றே உள்நோக்கி நீட்டி அடுக்கி மேலே மூடிக் கொடுத்தார்கள். நம் கோயில் கட்டடக் கலையில் இதனைக் கதலிகாகரணம் என்பர்.

இதன் சூட்சுமத்தை நண்பனுக்குத் தேநீர்க் கடை மேசையில் பிசுகோத்துகளை அடுக்கிக் காட்டினேன். நீட்டிய பகுதியின் எடையைப் பின்பகுதியின் எடையும் மேலே உள்ள சுமையும் அழுத்திப் பிடிக்கின்றன. பாரம் நேரே கீழே இறங்குகிறது. வட்டமாக அடுக்கினாலோ ஒவ்வொரு வளையமும் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். உண்மை வளைவு வேறு. அதில் ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பக்கவாட்டில் தள்ளும். கட்டி முடியும்வரை கீழே மரச்சாரம் தாங்க வேண்டும். (மூன்றாம் முறை அடுக்கும்போது பிசுகோத்துகள் தேநீரில் விழுந்தன. விளக்கம் அத்துடன் முடிந்தது.)

டில்லிக் குதுப் வளாகத்துப் பள்ளிவாசலிலும் இதே கதைதான். அங்கே 1199இல் எழுந்த முகப்புச் சுவரின் வளைவுகள் பார்வைக்கு வளைவுகளே. கட்டுமானத்தில் அடுக்குக் கற்கள்தாம். உண்மை வளைவு அவ்வூரில் பல்பனின் கல்லறையில், 1287ஐ ஒட்டித்தான் தெளிவாகக் காணப்படுகிறது. ஆனால் ஒரு வேற்றுமையை மறைத்தல் தகாது. டில்லிப் பள்ளி 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டப்பட்டதென அதன் வாயிற் கல்வெட்டே கூறுகிறது. ஒரே நாட்டில், ஒரே நூற்றாண்டில், ஒரே வகைத் தச்சர் கையால் இரண்டும் நடந்தன. பாடநூல் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிட்டால், அது பாதி வரலாறு.

பத்ரேசுவரம் தனித்த விந்தையுமன்று. 1264இல் ஓர்முசு நகரத்துக் கப்பல் உடைமையாளர் நூருத்தீன் பிரோசு என்பவர், சோமநாதபுரத்தில் உள்ளூர்ப் பெருமக்கள் துணையோடு நிலம் வாங்கிப் பள்ளிவாசல் அமைத்தார். அதற்குரிய கல்வெட்டுகள் அரபிலும் வடமொழியிலும் உள்ளன. வடமொழிப் பகுதி இறைவனை விசுவநாதன் என்று வணங்கித் தொடங்குகிறது. பத்ரேசுவரத்திலேயே பிற்காலத்தில் வாழ்ந்த சமண வணிகர் சகடு, பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரும்பஞ்சத்தில் தானியம் வழங்கிப் புகழ்பெற்றவர். அவர் இசுலாமியர்க்குப் பள்ளிவாசல் ஒன்று கட்டிக் கொடுத்ததாக அவர் வரலாற்றைப் பாடும் ‘சகடுசரிதம்’ கூறுகிறது. சமணர் உறைவிடத்தையும் பள்ளி என்போம், மசூதியையும் பள்ளி என்போம். தமிழ் வழக்கு அந்த ஊருக்கென்றே அமைந்தது போலும்!

பதினாறுகால் மண்டபத்துக்குத் திரும்பினோம். எஞ்சிய தூண்களில் உருவச் சிற்பம் ஏதும் என் கண்ணுக்குப் படவில்லை. சதுரம் எண்பட்டையாகி, எண்பட்டை வட்டமாகும் எளிய வேலை. நண்பன் ஒரு தூணைத் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றான். பிறகு சொன்னான்: “கீழக்கரையில சின்ன வயசுல பார்த்தேன்டா. இதே மாதிரி கல்தூணு. நான் அதைக் கோயில்னு நெனச்சு வெளியவே நின்னுட்டேன். எங்க அத்தா சிரிச்சிட்டு உள்ளே கூட்டிட்டுப் போனாரு.” கீழக்கரை சும்மாப் பள்ளி பதினேழாம் நூற்றாண்டில், வள்ளல் சீதக்காதி காலத்தில் எழுந்தது, தமிழ்நாட்டுத் தச்சர் வேலை. இடையில் ஐந்நூறு ஆண்டும் ஆயிரம் மைலுக்கு மேலும் இருக்க, வழி மட்டும் ஒன்றாயிருந்தது.

மாலைத் தொழுகை நேரம் வந்தது. எத்திசை என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. மணலுக்கு மேல் நின்ற மேற்குச் சுவர் எண்ணூறு ஆண்டுகளாகக் காட்டும் திசையில் துண்டை விரித்தான். நான் வெளியே காலணிகளுக்குக் காவல் இருந்தேன். ஆடுகள் சில வந்து மோந்து பார்த்துப் போயின.

செல்ல விரும்பும் நண்பர்கள் குளிர்காலத்தில் செல்லுங்கள். தண்ணீரும் கைவிளக்கும் கொண்டு செல்லுங்கள். சாய்ந்த ஒளியில்லாமல் அரபு எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படா.